மயக்க மருந்து கொடுப்பவரின் தகுதி



அறுவை சிகிச்சைக்குச் செல்லும் நோயாளி, தம்மை அறுக்கப்போகும் மருத்துவர் யார் என்று விசாரிக்கிறார். அவர் எங்கே படித்தார், அவருடைய கைராசி எப்படி, எத்தனை பேரைக் குணப்படுத்தினார் என்றெல்லாம் உற்றாரிடமும் ஊராரிடமும் கேட்டு அறிந்துகொள்கிறார். ஆனால், மேசைமேல் படுத்த பிறகு தம் தலைமாட்டில் நின்று தம்மை உறங்க வைப்பவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே. இத்தனைக்கும் அந்தச் சில மணி நேரம் அவருடைய மூச்சும் நாடியும் அத்தலைமாட்டு மனிதரின் பொறுப்பில்தான் இருக்கின்றன. அறுத்தவர் பிழை செய்தால், நோயாளி விழித்தெழுந்து முறையிடலாம். உறங்க வைத்தவர் பிழை செய்தாலோ, முறையிடுவதற்கு நோயாளி விழித்தெழாமலே போகலாம்.

அப்படியானால், ஒருவரை உணர்விழக்கச் செய்யும் உரிமையை மற்றொருவருக்கு அளிப்பவர் யார்? அந்த உரிமைக்குரிய தகுதி எது? அதை அளந்து பார்ப்பது எவ்வாறு? மயக்க மருந்து கண்டுபிடிக்கப்பட்டபோது இக்கேள்விகளுக்கு விடை இருக்கவில்லை. விடை காண ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அந்தத் தொண்ணூறு ஆண்டுகளின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன்.

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், கில்பர்ட் அபட் என்ற இளைஞரின் கழுத்திலிருந்த கட்டியை ஜான் காலின்ஸ் வாரன் என்னும் முதுபெரும் மருத்துவர் அறுத்தார். அலறல் கேட்கவில்லை. வில்லியம் மார்ட்டன் என்பவர் கண்ணாடிக் கலத்திலிருந்து ஆவியொன்றை நோயாளிக்குச் சுவாசிக்கக் கொடுத்திருந்தார். அந்நாளைத்தான் உலக மயக்கவியல் நாளாக இன்றும் கொண்டாடுகிறோம்.

இந்த மார்ட்டன் யார்? அவர் ஒரு பல் வைத்தியர். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தவரே எனினும் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். அவர் கொடுத்த ஆவி, வேதியியலார் நெடுநாளாக அறிந்திருந்த ஈதரே. ஆனால் அவர் அதன் பெயரை வெளியிடவில்லை. நிறமும் மணமும் சேர்த்து அதை மறைத்து, ‘லீதியான்’ என்று புதுப்பெயர் சூட்டி, காப்புரிமையும் பெற்றார். இரகசியம் சில வாரங்கள்கூட நிலைக்கவில்லை. எனினும் இச்செய்தி ஓர் உண்மையைக் காட்டுகிறது. இக்கலை பிறந்தபோது, அது ஒரு கல்வியாகப் பிறக்கவில்லை. விற்பனைக்குரிய ஒரு சரக்காகவே பிறந்தது. சரக்கை வாங்கியவர் எவரும் அதைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணமும் உடன்பிறந்தது.

மறு ஆண்டு நவம்பரில், எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் என்னும் பேறுகால மருத்துவர் குளோரோபாரத்தின் மயக்கும் ஆற்றலை வெளியிட்டார். ஈதரைக் காட்டிலும் இது எளிது. கருவி வேண்டுவதில்லை, ஒரு கைக்குட்டையும் சில துளிகளும் போதும். எளிது என்ற அச்சொல்லே எமனாக முடிந்தது.

இங்கிலாந்தின் வடபகுதியில் நியூகாசிலுக்கு அருகே வின்லேட்டன் என்றொரு சிற்றூர். 1848ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், அவ்வூரில் ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகம் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. சின்னஞ்சிறு சிகிச்சை. துணியில் ஒரு தேக்கரண்டியளவு குளோரோபாரத்தை ஊற்றி மருத்துவர் அவள் முகத்தருகே பிடித்தார். சில நிமிடங்களில் அவள் இறந்துபோனாள். குளோரோபாரத்தால் நிகழ்ந்ததாக ஏட்டில் பதிவான முதற் சாவு இது. அவளைத் தெளிவிக்க வாயில் ஊற்றிய நீரும் பிராந்தியும் மூச்சை அடைத்ததே காரணம் என்றார் சிம்ப்சன். குளோரோபாரமே காரணம் என்றனர் பிறர். அறிஞர் வாதிட்டனர், ஆனால், துணியைப் பிடித்தவர் அம்மருந்தைக் கொடுக்க எங்கே கற்றார் என்ற கேள்வியை எழுப்ப வழியே இல்லை. ஏனெனில் கற்பிக்கும் இடம் எங்கும் இருக்கவில்லை.

கற்பிப்பார் இல்லாத கலையைத் தாமே கற்க முற்பட்டவர் ஒருவர் அப்போது இலண்டனில் இருந்தார். ஜான் ஸ்நோ என்பது அவர் பெயர். காலரா நோய் குடிநீரால் பரவுகிறது என்பதை 1854இல் பிராடு தெருக் குழாயைக் கொண்டு நிலைநாட்டியவர் என்று உங்கள் பாடநூல்களில் அவரைப் படித்திருப்பீர்கள். யார்க் நகரத்து உழைப்பாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, பதினான்காம் வயதில் நியூகாசில் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்து, 1844இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் வரை உயர்ந்தவர் அவர்.

ஸ்நோ மயக்க மருந்தை ஒரு வித்தையாகக் கொள்ளவில்லை. வெப்பம் மிகுந்தால் காற்று மிகுதியான ஈதர் ஆவியை ஏற்கும், குளிர்ந்தால் குறைவாக ஏற்கும் என்பதை அளந்து பட்டியலிட்டார். நோயாளி படிப்படியாக உணர்விழப்பதை ஐந்து நிலைகளாகப் பகுத்து 1847இல் நூல் வெளியிட்டார். கைக்குட்டையில் ஊற்றினால் ஆவியின் செறிவு நம் கட்டுப்பாட்டில் இராது என்பதைக் காட்டி, அளவோடு கொடுக்கும் கருவி செய்தார். எல்லாவற்றிலும் மேலாக, தாம் மயக்க மருந்து கொடுத்த நோயாளிகளைப் பற்றி நாட்குறிப்பில் எழுதிவைத்தார். நோயாளியின் வயது என்ன, சிகிச்சை எது, மயக்கம் எவ்வாறு அமைந்தது, பின்னர் வாந்தி உண்டாயிற்றா என்பன அதில் இடம் பெற்றன. 1853இலும் 1857இலும் விக்டோரியா அரசியின் பேறுகாலத்தில் குளோரோபாரம் கொடுக்க அழைக்கப்பட்டவர் அவரே. அரசியைப் பற்றிய குறிப்பும் ஏழைத் தொழிலாளியைப் பற்றிய குறிப்பும் அந்நாட்குறிப்பில் ஒரே நடையில் அமைந்திருக்கின்றன.

மார்ட்டனையும் ஸ்நோவையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒருவர் தாம் கொடுப்பது இன்னதென்று மறைத்தார். மற்றவர் தாம் கொடுத்ததையும் அதனால் விளைந்ததையும் பிறர் பார்த்து ஆராயும்படி எழுதிவைத்தார். தகுதி என்பதன் வித்து இந்த இரண்டாவது செயலில்தான் இருக்கிறது. பிறர் ஆராய்ச்சிக்கு உட்படாத திறமை, எத்துணைப் பெரிதாயினும், தகுதி ஆவதில்லை.

ஆயினும் ஸ்நோவிடம் இருந்த பட்டங்கள் பொது மருத்துவத்திற்கும் அறுவை மருத்துவத்திற்கும் உரியவை. மயக்க மருந்துக்கென்று ஒரு சான்றும் அவரிடம் இல்லை. அக்காலத்தில் அது எவரிடமும் இல்லை. 1858இல் நாற்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தபோது, அவர் வழியில் தொடர்ந்து வந்தோர் சிலரே. பெரும்பாலான இடங்களில் பழைய வழக்கமே நீடித்தது. அறுவைக் கூடத்தில் எவருக்கு வேறு வேலை இல்லையோ அவரே மயக்க மருந்து கொடுப்பவர். புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் கொடுப்பார்; சில சமயம் மாணவர் கொடுப்பார்.

இனி நம் நாட்டுப் பக்கம் வருவோம். குளோரோபாரம் கொல்வது மூச்சை நிறுத்தியா, இதயத்தை நிறுத்தியா என்னும் பெரும் வழக்கு ஐதராபாத்தில் விசாரிக்கப்பட்டது. அங்கே மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த எட்வர்டு லாரி, மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்தைப் பற்றி அஞ்ச வேண்டுவதில்லை என்று சாதித்தார். 1888இலும் 1889இலும் நிஜாமின் ஆதரவோடு இரு குழுக்கள் கூடின. இரண்டாவது குழுவிற்கு, ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழ் இலண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்ற அறிஞரை அனுப்பிவைத்தது. நூற்றுக்கணக்கான விலங்குகளைச் சோதித்து, லாரி கூறியதே சரி என்று குழு முடிவு கட்டியது. ஆனால் 1911இல் லெவி என்ற ஆராய்ச்சியாளர், இலேசான குளோரோபார மயக்கத்தில் இதயம் திடீரெனத் துடிதுடித்து நின்றுபோகக் கூடும் என்று காட்டினார். உறுதியாகச் சொல்லப்பட்ட முடிவும் பின்வந்த ஆராய்ச்சியில் திருத்தம் பெறும் என்பதற்கு இது நல்ல சான்று.

அதே ஐதராபாத்தில் அதே காலத்தில் பயின்றவர் ரூபாபாய் பர்தூன்ஜி என்ற பார்சிப் பெண்மணி. 1885இல் அம்மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1889இல் தேறினார். அந்நகரத்து மருத்துவமனைகளில் குளோரோபாரம் கொடுப்பதையே தம் தொழிலாகக் கொண்டார். உலகின் முதற் பெண் மயக்க மருந்து மருத்துவர் என்று வரலாற்றாசிரியர் பலர் அவரைப் போற்றுகின்றனர். பின்னர் மேற்கல்வி நாடி அவர் எடின்பரோவுக்குச் சென்றார். அங்கும் மயக்க மருந்துக்கென்று தனிப் படிப்பு இல்லை. ஆகவே இத்தொழிலுக்கு உதவும் பௌதிகத்தையும் வேதியியலையும் பயின்றார். கடல் கடந்து சென்றும், தாம் கற்க விரும்பிய கலையின் பெயரால் ஒரு சான்று அவருக்குக் கிடைக்கவில்லை. தகுதி அவரிடம் இருந்தது. அதைத் தகுதி என்று கூற ஓர் அமைப்பு உலகில் இன்னும் ஏற்படவில்லை.

இவ்விடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். “திறமை இருந்தால் போதாதா? சான்றிதழ் எதற்கு?” என்பதே அது. இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட இயலாது. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். மின்னசோட்டா மாநிலத்தில் மேயோ சகோதரர்கள் நடத்திய புகழ்பெற்ற மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்தவர் ஆலிஸ் மெகாவ் என்ற செவிலி. பயிற்சி மருத்துவரின் கண் அறுவை மருத்துவரின் கத்தியை நாடிச் செல்லும். செவிலியின் கண்ணோ நோயாளியின் முகத்தை விட்டு அகலாது. இதுவே அவரைத் தேர்ந்ததற்குக் காரணம். அவர் 1906இல் வெளியிட்ட கட்டுரையில், பதினாலாயிரத்திற்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, மயக்க மருந்தால் நேர்ந்த சாவு ஒன்றுகூட இல்லை என்று எழுதினார். மருத்துவப் பட்டம் அற்ற ஒருவர், பட்டம் பெற்ற பலரினும் சிறப்பாக இத்தொழிலைச் செய்தார் என்பதை மறைக்க முடியாது.

பின்னாளில் இது நீதிமன்றம் வரை சென்றது. மயக்க மருந்து கொடுப்பது மருத்துவத் தொழில், ஆகவே செவிலியர் அதைச் செய்வது சட்டத்திற்குப் புறம்பு என்று கலிபோர்னியாவில் மருத்துவர் சிலர் டாக்மார் நெல்சன் என்ற செவிலியின்மீது வழக்குத் தொடுத்தனர். 1936இல் அம்மாநில உச்ச நீதிமன்றம், அறுவை மருத்துவரின் மேற்பார்வையில் அவர் செய்வது குற்றம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. இன்றும் அமெரிக்காவில் மருத்துவர்களும், அதற்கெனப் பயின்று சான்று பெற்ற செவிலியரும் இப்பணியைச் செய்து வருகின்றனர்.

ஆகையால், பட்டம் இருந்தால்தான் திறமை உண்டு என்று நான் கூற வரவில்லை. ஆனால் மெகாவைப் போன்ற கூர்ந்த கவனமுடையவர் எல்லா ஊரிலும் வாய்ப்பதில்லை. அவரிடம் இருந்த அறிவு அவரோடு மறைந்துவிடாமல், நூறு பேருக்கு ஒழுங்காகக் கற்பிக்கப்பட வேண்டும். கற்றவர் உண்மையில் கற்றாரா என்று சோதிக்கப்பட வேண்டும். ஊர் பேர் தெரியாத நோயாளிக்கும் அச்சோதனையின் பயன் கிட்ட வேண்டும். இதற்காகவே பயிற்சியும் தேர்வும் சான்றும் தேவையாயின.

அந்தப் பயிற்சியை ஒழுங்குபடுத்தியவர் ரால்ப் வாட்டர்ஸ். அயோவா மாநிலத்தில் பொது மருத்துவராகத் தொழில் தொடங்கிய அவர், 1927இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அமைந்த மேடிசன் நகருக்கு வந்து, மருத்துவப் பட்டம் பெற்றோருக்கு மயக்கவியலில் தொடர்ந்த பயிற்சியைத் தொடங்கினார். அறுவைக் கூடத்தில் செய்முறை, ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி, வாரந்தோறும் ஒரு கூட்டம் என்பது அங்கே நடைமுறை. அந்தக் கூட்டத்தில் அவ்வாரம் நேர்ந்த இடர்களை மாணவர் எழுந்து சொல்ல வேண்டும், மற்றவர் வினவுவர். ஸ்நோ தனியாக நாட்குறிப்பில் செய்ததை வாட்டர்ஸ் ஒரு பள்ளியின் வழக்கமாக்கினார். அங்கே பயின்றவர்கள் பிற நகரங்களுக்குச் சென்று அதே முறையை நிறுவினர். அவருள் ஒருவரான ரோவன்ஸ்டைன் 1935இல் நியூயார்க் நகரத்துப் பெல்வியூ மருத்துவமனையில் அப்பணியை ஏற்றார்.

அதே 1935இல் இங்கிலாந்திலும் ஒரு வாயில் திறந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் அமைந்த மயக்க மருந்து மருத்துவர் சங்கத்தின் முயற்சியால், இத்துறைக்கென்று பட்டயத் தேர்வு முதன்முறையாக நடைபெற்றது. ஹன்னா கிரீனர் இறந்து எண்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1937இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் இத்துறைக்குப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தி, ராபர்ட் மாக்கின்டாஷ் என்பவரை அமர்த்தியது. பல்கலைக்கழகத்தாருக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. மயக்க மருந்துக்குப் பேராசிரியர் எதற்கு என்று தயங்கினர். மோட்டார் கார் உற்பத்தியில் பெரும் பொருள் ஈட்டிய நஃபீல்டு பிரபு, இப்பதவி இல்லையேல் தம் நன்கொடையும் இல்லை என்று உறுதியாக நின்றதால் இணங்கினர். அமெரிக்காவில் 1938இல் மயக்கவியல் தகுதிக் குழு, அறுவை மருத்துவக் குழுவின் கிளையாக ஒப்புதல் பெற்றது. 1941இல் தனிக் குழுவாயிற்று.

இப்பயிற்சியும் சான்றும் ஒருவர் வாழ்வில் எவ்வாறு பயன்பட்டன என்பதற்கு வர்ஜீனியா ஆப்கார் வரலாறே போதும். 1933இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், அறுவை மருத்துவராக விரும்பினார். அவருடைய ஆசிரியர் ஆலன் விப்பிள், பெண்ணுக்கு அத்துறையில் பிழைப்புக் கடினம் என்று கருதினார். மயக்க மருந்துக் கலை முன்னேறாவிட்டால் அறுவை மருத்துவம் முன்னேறாது என்று எடுத்துக் கூறி, அவரை மயக்கவியலுக்குத் திருப்பிவிட்டார். ஆப்கார் முதலில் தம் மருத்துவமனைச் செவிலியரிடம் பழகினார். 1937இல் ஆறு மாதம் மேடிசனில் வாட்டர்ஸிடமும், பின்னர் ஆறு மாதம் பெல்வியூவில் ரோவன்ஸ்டைனிடமும் பயின்றார். ஆண் மருத்துவருக்கென்றே தங்குமிடம் இருந்த காலம் அது. தங்க இடமின்றி அவர் இடர்ப்பட்டார். 1938இல் கொலம்பியாவுக்குத் திரும்பி மயக்கவியல் பிரிவின் தலைவரானார். அத்துறையில் தகுதிச் சான்று பெற்ற முதற் சில பெண்களுள் அவர் ஒருவர். 1949இல் அம்மருத்துவக் கல்லூரியின் முழுப் பேராசிரியர் பதவியை முதன்முதலாக அடைந்த பெண்ணும் அவரே.

தலைமாட்டில் நின்று கவனிக்கப் பழகிய அக்கண்கள், பேறுகால அறையில் வேறொன்றையும் கண்டன. தாயைக் கவனிக்க ஆள் உண்டு; பிறந்த குழந்தையை அந்த முதல் நிமிடத்தில் ஒழுங்காகக் கவனிப்பவர் இல்லை. ஆகவே இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் உறுதி, தூண்டினால் எதிர்வினை, மேனியின் நிறம் என ஐந்து குறிகளை அவர் வகுத்தார். ஒவ்வொன்றிற்கும் 0, 1, 2 என மதிப்பெண் அளித்து, மொத்தம் பத்துக்குக் கணக்கிடும் முறையை 1952இல் எடுத்துரைத்து, 1953இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் குழந்தை பிறந்ததும் இடும் ஆப்கார் மதிப்பெண் அதுவே. இரண்டாம்தரத் தொழில் என்று பலர் எண்ணிய துறையில் முறையாகப் பயின்றவர், உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் முதல் தேர்வாளர் ஆனார்!

பயிற்சியின் தேவை இதற்குள் மேலும் மிகுந்துவிட்டது. 1942இல் மாண்ட்ரியல் நகரத்தில் ஹெரால்டு கிரிஃபித் என்பவர், தென்னமெரிக்க வேடர்கள் அம்புநுனியில் தடவும் குராரே நஞ்சை மயக்க மருந்தோடு சேர்த்துத் தசைகளைத் தளர்த்தப் பயன்படுத்தினார். வயிற்றறுவை எளிதாயிற்று. ஆனால் அம்மருந்து அளவில் மிகுந்தால் மூச்சுத் தசையும் ஓய்ந்துபோம். அப்போது நோயாளிக்காக மருத்துவரே மூச்சை ஊதிச் செலுத்த வேண்டும். பிறர் மூச்சைத் தம் கையால் நடத்தும் பொறுப்பை, வேலையின்றி நிற்கும் ஒருவரிடம் ஒப்படைக்கும் காலம் அதோடு முடிந்தது.

நம் நாட்டில் 1947இல் இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் தோன்றியது. இன்று எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றபின், நுழைவுத் தேர்வில் தேறி, மூன்றாண்டுகள் இரவு பகல் பாராமல் பயின்று, எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் எழுதியே மயக்கவியலில் எம்.டி. பட்டம் பெற வேண்டும். அப்பட்டத்தை மருத்துவ மன்றத்தில் பதிந்துகொள்ளவும் வேண்டும். அமெரிக்காவிலோ, 2000ஆம் ஆண்டு முதல் தரும் தகுதிச் சான்று வாழ்நாள் முழுமைக்கும் உரியது அன்று, காலவரையறை உடையது. கற்பதை நிறுத்தியவரின் தகுதியும் நின்றுபோம் என்பதே அதன் கருத்து.

மாணவ நண்பர்களே! சுவரில் சட்டமிட்டு மாட்டும் சான்றிதழைப் பெருமையின் சின்னமாகவே நாம் பெரும்பாலும் பார்க்கிறோம். வேலை பெற்றுத் தரும் காகிதம் என்று கருதுவோரும் உண்டு. ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். பெற்றவருக்காக மட்டும் அன்று. கேள்வி கேட்க முடியாத நிலையில், கண் மூடிக் கிடக்கும் ஒருவருக்காக, அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையெல்லாம் மற்றவர்கள் முன்கூட்டியே கேட்டுப் பெற்ற விடைதான் அச்சான்றிதழ். வின்லேட்டன் சிறுமிக்காக அக்கேள்விகளைக் கேட்க அன்று எவரும் இல்லை. நீங்கள் நாளை மருத்துவராகலாம், பொறியாளராகலாம், ஆசிரியராகலாம். எத்தொழிலில் புகுந்தாலும் உங்களை நம்பிக் கண் மூடுவோர் சிலர் இருப்பர். தேர்வுக் கூடத்தில் உங்கள்முன் வைக்கும் வினாத்தாள் அவர்கள் கேட்கும் கேள்வி என்று எண்ணி விடை எழுதுங்கள்.